கொக்குவில் கணக்கும் வெள்ளவத்தைக் கணக்கும்

சின்னம்மாவின் மகனுக்குக் கொழும்புக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. போன கிழமை போன் எடுத்து, "அக்கா, நாலு பேருக்கு மாதம் எவ்வளவு இருந்தால் அங்கே சமாளிக்கலாம்?" என்று கேட்டான். ஏதாவது ஒரு தொகையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. 2022 கடைசியில் இதே கேள்வியை நானும் நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் நாலு தொகை சொன்னார்கள். நாலும் பிழையாய்ப் போனது.

நான், இவர், இரண்டு பிள்ளைகள் என்று நாங்கள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து கொழும்புக்கு வெளிக்கிட்டது 2023 ஜனவரியில். எனக்கு அரச வேலை. இவருக்கு, கரண்ட்டும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் செய்யக்கூடிய கணினி வேலை. ஊரில் இருந்த காலத்திலேயே நான் செலவுக் கொப்பி எழுதுகிறவள். இவர் பகிடி பண்ணுவார்; மாதக் கடைசியில் அவரும்தான் அதைப் புரட்டுவார். அந்தக் கொப்பிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இதில் வரும் வாடகையும் பில்லும் எங்கள் வீட்டினுடையவை. உங்கள் வீட்டில் வேறாக இருக்கும்.

அரச சம்பளம் ஊர் பார்க்காது. அடிப்படைச் சம்பளம் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். 'வாழ்க்கைச் செலவுப் படி' என்று ஒன்று உண்டு. 2024இல் அது 7,800 ரூபாவில் இருந்து 17,800 ஆனது. பெயரைக் கேட்டால் வாழுகிற இடத்தின் செலவைப் பார்த்துக் கொடுப்பது போல இருக்கும். காரைநகரில் இருப்பவருக்கும் கறுவாத்தோட்டத்தில் இருப்பவருக்கும் அதே படிதான். எனவே இடமாற்றத்தோடு வரவு மாறாது, செலவு மட்டும் மாறும்.

சாமான் விலை பற்றித்தான் எல்லோரும் முதலில் பயமுறுத்தினார்கள். அது அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. பருப்பு, சீனி, பால்மா, சவர்க்காரம் எல்லாம் பைக்கற்றில் அச்சடித்த விலைக்குத்தான் இரண்டு இடத்திலும் விற்கின்றன. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானபோது இரண்டு ஊரிலும் ஒரே நாளில்தான் ஏறியது. காஸ் சிலிண்டருக்குத் தூரத்துக்கு ஏற்ப மாவட்ட விலை வைப்பதால் கொழும்பில் கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்லலாம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் மாவட்டவாரியாக வறுமைக் கோடு வெளியிடும். ஒருவர் அடிப்படைத் தேவைகளோடு உயிர்வாழ எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு அது. ஆகக் கூடியது கொழும்பு, ஆகக் குறைந்தது மொனராகலை. இரண்டுக்கும் இடையில் ஆளுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாதான் வித்தியாசம். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, 'நாலு பேருக்கு மிஞ்சினால் 8,000 கூடும்' என்று நான் மனக்கணக்குப் போட்டேன். கொழும்பில் வெள்ளவத்தை வாடகை அந்தப் பட்டியலுக்குள் எங்கே தெரியப்போகிறது?

வாடகைக்கு வருகிறேன். ஊரில் எங்களுடையது சீதன வீடு, வாடகை என்ற வரியே கொப்பியில் கிடையாது. வெளிக்கிடும்போது அதை ஒரு ஆசிரியர் குடும்பத்துக்கு 20,000க்குக் கொடுத்தோம். இங்கே தெஹிவளையில் ஒரு அனெக்ஸ், அதாவது வீட்டுக்காரர் தன் வீட்டில் பிரித்து வாடகைக்கு விடும் பகுதி, 45,000க்குக் கிடைத்தது. ஆக, கையை விட்டு உண்மையில் போவது 25,000 என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். முற்பணத்தை யோசிக்கவில்லை. ஆறு மாத வாடகை, 2,70,000 ரூபா, சாவி தரும் அன்றே வேண்டும் என்றார்கள். தரகர் என்னைச் சமாதானப்படுத்தினார். "பிள்ளை, இது போற காசில்லை, திரும்பி வாற காசு. பயப்பிடாதையும்."

காசு திரும்பி வரும்தான். ஆனால் அந்தக் காசுக்காக நான் என்ர தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் அடைவு வைத்தேன். அந்த நேரம் அடைவு வட்டி ஏறி நின்ற காலம். மாதம் 5,000க்கு மேல் வட்டியே போனது. அதை நான் கொப்பியில் 'வங்கி' என்று தனியாக எழுதி வந்தேன். ஐந்தாறு மாதம் கழித்துத்தான் உறைத்தது, அதுவும் வாடகைதான் என்று. 45,000 வீட்டில் 50,000க்கு இருந்திருக்கிறேன். வீடு பார்க்கும்போது இரண்டு வகை முற்பணத்தையும் பிரித்துக் கேளுங்கள். சிலர் முற்பணத்தை மாதாமாதம் வாடகையில் கழிப்பார்கள். சிலர் முழுவதையும் வைத்திருந்து, போகும்போது தருவார்கள். எங்களுடையது இரண்டாவது வகை. வெளிக்கிடும்போது சுவருக்குப் பெயின்ற் அடிக்க என்று 25,000 வெட்டிக்கொண்டுதான் தந்தார்கள். ஒப்பந்தத்தில் பெயின்ற் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடிக்க வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. நொத்தாரிசு வாசிக்கும்போது நாங்கள் தலையாட்டிக்கொண்டு இருந்தோம், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய அடி, மீற்றரில் விழுந்தது.

அனெக்ஸுக்குத் தனி மீற்றர் இல்லை. மேலே வீட்டுக்காரர், கீழே நாங்கள், இரண்டுக்கும் ஒரே இணைப்பு. எங்கள் பக்கம் ஒரு சின்ன மீற்றர் பூட்டியிருந்தார்கள். மொத்த பில்லில் எங்கள் அலகுக்கு எவ்வளவோ அதைக் கட்டினால் போதும் என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. கொக்குவிலில் மாதம் 80 அலகு அளவில் எரித்தோம், இங்கேயும் 85தான். ஆனால் பில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வந்த அடுத்த மாதமே, 2023 பெப்ரவரியில், மின்கட்டணத்தைச் சராசரியாக 66 வீதம் கூட்டியதால் நான் முழுப் பழியையும் அதன் தலையில் போட்டுவிட்டேன். ஆகஸ்டில் மாமி ஊரில் இருந்து போனில் தங்கள் பில்லை வாசித்தபோதுதான் யோசித்தேன், அது எங்களுடையதைவிடக் குறைவு. கட்டண உயர்வு அவவுக்கும் அதேதானே?

இவர் உட்கார்ந்து கட்டணப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தார். மின்கட்டணம் நாடு முழுக்க ஒன்று. ஆனால் படிப்படியாக ஏறுகிற கணக்கு. மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு பட்டியல். 60ஐத் தாண்டினால் முதல் அலகில் இருந்தே வேறு பட்டியல். 180ஐத் தாண்டிய பிறகு எரியும் ஒவ்வொரு அலகுக்கும் ஆகக் கூடிய விலை. நிலையான கட்டணமும் படியோடு சேர்ந்து ஏறும். மேல்வீட்டில் இரண்டு ஏசி. அவர்களுடையதும் எங்களுடையதும் ஒரே மீற்றரில் சேர்ந்தால் மொத்தம் 180ஐ எப்போதோ தாண்டிவிடும். நாங்கள் தனியாக 85 அலகு எரித்தால் நடுப்படியில் நின்றிருப்போம். சேர்ந்து எரித்ததால் அவர்களின் ஏசிப் படியில் ஏறி நின்றோம். யாரும் எங்களை ஏமாற்றவில்லை. வீட்டுக்காரருக்கே இது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சொன்னபோது, "அப்படியா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

அனெக்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை இப்போது இதுதான்: குசினியைப் பார்க்க முதல் மீற்றர்ப் பெட்டியைப் பாருங்கள். தனி மீற்றர் உள்ள வீட்டுக்கு மாதம் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

தண்ணீர் விஷயம் நேர்மாறு. ஊரில் கிணறு, மோட்டருக்குக் கரண்ட் மட்டும். கொழும்பில் நீர் வழங்கல் சபை பில். அப்படியென்றால் ஊர்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குளிக்கவும் தோய்க்கவும் கன்றுகளுக்கு விடவும்தான் பாவித்தோம். குடிக்கத் தண்ணீர் வாங்கினோம், இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் கனபேர் அப்படித்தான். இங்கே குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். இரண்டும் சமமாகிவிட்டது.

மரக்கறியிலும் அப்படியொரு விசித்திரம். கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா எல்லாம் பெரும்பாலும் மலைநாட்டுச் சரக்கு. யாழ்ப்பாணத்துக்கு அவை தம்புள்ளை வழியாகச் சுற்றி வந்து சேர வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் நான் கொடுத்த விலையைவிட வெள்ளவத்தைச் சந்தையில் அவை பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கின்றன. முருங்கைக்காய், கத்தரிக்காய், சின்ன வெங்காயம், கீரை இதற்கு நேரெதிர். முருங்கைக்காய்க்குக் காசு கொடுப்பது என்பதே எனக்கு ஆறு மாதமாக ஒரு மாதிரி இருந்தது. வேலிக்கரையில் நிற்கிற மரத்தில் எட்டிப் பறிக்கிற சாமானை எடைபோட்டு, ஒன்றைக் குறைத்து மறுபடி எடைபோட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் அப்படித்தான். பெயரில் மட்டும் கொழும்பு. பழம் ஊரில் வெளவால் கோதிக் கிடக்கும், இங்கே ஒன்றை வாங்கி நாலாக வெட்டுகிறோம்.

சமையல் மாறினால் இதில் பாதி சரியாகும். முதல் வருடம் நான் கொக்குவில் சமையலைத் தெஹிவளையில் சமைத்தேன். அதுதான் பிழை. இப்போது போஞ்சியும் கோவாவும்தான் வாரநாட்களில், முருங்கைக்காய் ஞாயிறில். மீனும் அதே கதை. பாசையூரில் விடியப் போய் ஏலத்தில் எடுத்து, பக்கத்து வீட்டு அக்காவோடு பாதி பங்கு போடுவோம். இங்கே கிலோக் கணக்கு, அதுவும் தலையோடும் குடலோடும் நிறுத்துவிட்டுத்தான் வெட்டித் தருவார்கள். கிழமையில் நாலு நாள் மீன் இரண்டு நாளாகிவிட்டது. பிள்ளைகள் முட்டையைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறார்கள்.

தேங்காய்க்குத் தனிப் பந்தி வேண்டும். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டு அதற்கு மேலும் போனது. சொதி, சம்பல், பால்கறி, புட்டு என்று எங்கள் வீட்டில் நாளுக்கு ஒன்று போதாது. அம்மாவிடம் சொல்லிப் புலம்பினேன். அடுத்த வெள்ளி இரவு பஸ்ஸில் ஒரு சாக்கு ஏற்றிவிட்டா. யாழ்ப்பாணத்தில் இருந்து வரும் இரவு பஸ்கள் விடியற்காலை வெள்ளவத்தையில் காலி வீதியோரம் வந்து நிற்கும். ஐந்து மணிக்கு இவர் தூக்கக் கலக்கத்தோடு போய் நிற்க, நடத்துனர் சாக்கை இறக்கிவிட்டார். உரித்த தேங்காய் 20, ஒடியல் மா, மிளகாய்த்தூள், ஒரு கட்டு முருங்கைக்காய், அடியில் ஐந்து கிலோ வெங்காயம். பொதிக்கூலி, ஊரில் பஸ்ஸடிக்குக் கொண்டுபோன ஆட்டோக் காசு எல்லாம் போட்டும் தேங்காயில் மட்டும் 2,500 ரூபா அளவில் மிச்சம். வெங்காயத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை, பாதி அழுகிப் போனது. "அம்மா, வெங்காயம் அனுப்பாதேங்கோ" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் வருகிறது. கூலி கொடுத்து எடுப்பதென்றால் விலையும் கூடியதாக, பழுதுபடாததாக இருக்க வேண்டும்: தேங்காய், நல்லெண்ணெய், தூள், ஒடியல். மற்றதெல்லாம் பாசத்துக்குத்தான்.

போக்குவரத்தில்தான் கொழும்பு என்னை ஆச்சரியப்படுத்தியது. ஊரில் கச்சேரிக்கு ஸ்கூட்டியில் போய்வர மாதம் 6,000க்குப் பெற்றோல் அடித்தேன். இங்கே கோட்டைக்குக் கடற்கரை ரயில். அரச ஊழியருக்குச் சலுகைப் பருவச்சீட்டு உண்டு. ரயில் பிந்தினால் காலி வீதியில் 100, 101 பஸ் வந்துகொண்டே இருக்கும். ஸ்கூட்டியை விற்றோம். ஆனால் நான் மிச்சம் பிடித்ததைப் பிள்ளைகள் செலவழித்தார்கள். கொக்குவிலில் இரண்டு பேரும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். தெஹிவளையில் இருந்து பள்ளிக்கூட வானுக்கு ஆளுக்கு 9,000, இரண்டு பேருக்கும் 18,000. டியூஷன் முடிந்து இருட்டும் நாட்களில் த்ரீவீல் வேறு. சைக்கிள் இரண்டும் பின்சுவரில் தொங்கின.

2024 நடுவில் கொப்பியை வைத்துக்கொண்டு இருவரும் ஒரு இரவு முழுக்கக் கணக்குப் பார்த்தோம். வெள்ளவத்தையில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு சின்ன பிளாட் 70,000க்கு இருந்தது. தெஹிவளையைவிட 25,000 கூட. இவர் முதலில் மாட்டேன் என்றார். வான் 18,000 போகும், தனி மீற்றர் என்றபடியால் கரண்ட்டிலும் கொஞ்சம் குறையும், த்ரீவீல் 3,000 நிற்கும். ஆக, ஏறத்தாழ அந்த 25,000தான். பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அதற்குள் தண்ணீரும் லிஃப்ட்டும் அடங்குமா என்று முதலே கேட்டு, எழுத்தில் வாங்கினோம். பெயின்ற் பற்றியும் ஒரு வரி எழுதச் சொன்னேன். நொத்தாரிசு சிரித்தார். முற்பணம் ஒரு வருடம் கேட்டார்கள், கதைத்துக் கதைத்து ஆறு மாதத்தில் நிறுத்தினோம். தூரமான மலிவு வீடு, பக்கத்தில் இருக்கும் விலை வீடு இரண்டும் ஒரே செலவாகப் போயிற்று. பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் மிச்சம், அதைக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை.

வெள்ளவத்தைக்கு வந்ததன் விலை ஒன்று உண்டு. அதை எந்தத் தரகரும் சொல்லமாட்டார். கொழும்பில், அதுவும் வெள்ளவத்தையில், ஒரு யாழ்ப்பாணத்தானுக்கு வீடு இருந்தால் அது வீடில்லை, மடம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிறவர், அங்கே இருந்து வருகிறவர், விசாவுக்குக் கைரேகை வைக்க வந்தவர், கண் டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது நேரம் பதிந்து, காட்ட வந்த அம்மா, வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் காட்ட வந்த ஒன்றுவிட்ட பெரியப்பா குடும்பம். 2025 கொப்பியில் எண்ணிப் பார்த்தேன்: 41 இரவுகள் வீட்டில் யாரோ இருந்திருக்கிறார்கள். மெத்தை இரண்டு, தலையணை நாலு இதற்கென்றே வாங்கினோம். அவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை, நண்டும் பனங்கட்டியும் புழுக்கொடியலும் வரும். காசாகப் பார்த்தால் ஏறக்குறைய சமம் என்று வையுங்கள். நானும் ஊரில் இருந்தபோது பம்பலப்பிட்டி மாமா வீட்டில் எத்தனை தரம் படுத்திருக்கிறேன்? அவர் ஒரு நாளாவது கொப்பி வைத்திருந்தாரா?

ஊரில் இதற்கு ஈடான செலவு கொண்டாட்டங்கள். சாமத்தியவீடு, கலியாணம், குடிபூரல், அந்தியேட்டி, கோயில் உபயம். போகாமல் இருக்க முடியாது, வெறுங்கையோடும் போக முடியாது. கொக்குவிலில் சராசரியாக மாதம் 8,000 அதற்கே போனது. தைக்குப் பிறகு வரும் நல்ல மாதங்களில் அதைவிடக் கூட. கொழும்புக்கு வந்த பிறகு அழைப்புக் குறைந்து 3,000க்கு இறங்கியது. நல்லது என்று நினைத்தேன். ஆனால் நெருங்கிய உறவுக்குள் ஒன்று நடந்தால் நாலு பேரும் 400 கிலோமீற்றர் போய்வர வேண்டும். இரவு பஸ்ஸில் நாலு இருக்கை, போக ஒன்று வர ஒன்று. நல்லூர்த் திருவிழா, பொங்கல், பள்ளி விடுமுறை நாட்களில் இருக்கை கிடைப்பதே பாடு. வருடத்தில் இப்படி நாலு பயணம் போனால் மாதம் 5,000 மிச்சம் பிடித்ததாகச் சொன்ன கணக்கு கிழிந்துவிடும். ரயிலுக்கு முன்பதிவு திறந்த கையோடு எடுத்து வைக்கப் பழகினோம். அழைப்பு வருவதற்குக் காத்திருக்காமல், நாள் வைத்தாயிற்று என்று காதில் விழுந்த உடனேயே எடுத்துவிட வேண்டும்.

இன்னும் ஒன்று. 2022இல் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் செப்டம்பரில் 69.8 வீதப் பணவீக்கம் காட்டியது. அப்போது நாங்கள் ஊரில். காஸ் இல்லாத மாதங்களில் அம்மா கோடிப்புறத்தில் மூன்று கல்லை வைத்துப் பன்னாடையும் கொக்கறையும் எரித்துச் சமைத்தா. தேங்காய், முருங்கை, கோழி முட்டை வளவுக்குள். கொழும்பில் ஐந்தாம் மாடியில் இருந்தவர்கள் எங்கே அடுப்பு மூட்டுவார்கள்? விலை நன்றாக இருக்கும் காலத்தில் வளவின் பெறுமதி எந்தக் கொப்பியிலும் தெரியாது. அதனால்தான் இவர் எவ்வளவு சொல்லியும் கொக்குவில் வீட்டை விற்க நான் சம்மதிக்கவில்லை. வாடகைக்கு இருப்பவர்களிடம்கூட, தேங்காயில் பாதி எங்களுக்கு என்று பேசித்தான் கொடுத்தேன்.

தம்பிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மூன்று மாதக் கொப்பியைப் பார்த்து, காசு கொடுக்காமல் கிடைப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதச் சொல்லியிருக்கிறேன்: கிணறு, வளவு, சைக்கிள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, மீனில் பாதியை எடுக்கும் பக்கத்து வீடு. "அக்கா, நான் கேட்டது ஒரு இலக்கம்" என்று அலுத்துக்கொண்டான். அந்தத் தாளைக் கொண்டுவந்தால் ஒவ்வொன்றுக்கும் எதிரே கொழும்பு விலையை நான் எழுதித் தருவேன். அடுத்த சனிக்கிழமை வீடு பார்க்க வருகிறான். எங்களிடம்தான் தங்குவான், மூன்று இரவு. தேங்காய் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.